சேவல்கொண்டை மலையில் மூன்று நாள்

"ஐரோப்பா போய்விட்டு வந்தேன்" என்று சொன்னால் போதும், "ஈபிள் டவர் பார்த்தாச்சா? ஸ்விட்சர்லாந்தில் சினிமாப் பாட்டு எடுப்பாங்களே, அந்த இடம் பார்த்தாச்சா?" என்று கேள்விகள் வந்து விழும். நான் இரண்டையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது ஆஸ்திரியா நாட்டில், டைரோல் மாநிலத்தில் இருக்கும் கிட்ஸ்பூஹெல் என்ற சின்ன ஊர். அந்த ஊரிலும் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது ஒரு வாடகைக் கடையில்தான்! பனியில் சறுக்கும் 'ஸ்கீ'யை வாடகைக்கு விடும் கடை.

சிரிக்காதீர்கள் சகோதரிகளே. எங்கள் வீட்டுக் கல்யாணப் பட்டு எடுக்கக்கூட நாங்கள் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் தம்பி குடும்பம் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் இருக்கிறது. நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத ஊரிலிருந்து போனவன், அங்கே போய்ப் பனியில் சறுக்கக் கற்றுக்கொண்டான். கல்யாணமாகிப் போன அவன் மனைவியும் கற்றுக்கொண்டாள், அவனைவிட நன்றாகவே! மகளுக்கு இப்போது 13 வயது. அவள் நடக்கக் கற்ற கையோடு சறுக்கவும் கற்றவள். குளிர்காலம் வந்தால் அந்த ஊர்க் குடும்பங்கள் மலைக்குப் போவது, சாரல் விழுந்தால் நாம் குற்றாலத்துக்குக் கிளம்புகிற மாதிரி.

2023 ஜனவரியில் ஒரு மலையில் (எந்த மலை என்பது இங்கே வேண்டாம்) தம்பி மனைவி விழுந்துவிட்டாள். இடது முழங்காலில் ஜவ்வு அறுந்துபோயிற்று. ஆபரேஷன், ஊன்றுகோல், பிசியோதெரபி என்று ஒரு வருடம் ஓடியது. மாடிப்படி இறங்கவே பயந்த பெண். அன்றைக்கு அவளுக்கு வாடகைக்குக் கிடைத்தது அகலமான ஸ்கீ. அதன் விளிம்பும் மழுங்கியிருந்தது. சரிவோ கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. அதனால்தான் விழுந்தாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், "திரும்பணும்னுதான் காலைச் சாய்ச்சேன் மதினி. கட்டை அது பாட்டுக்கு வழுக்கிக்கிட்டே போச்சு" என்று அவள் போனில் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. பனிச்சறுக்கில் முழங்கால் ஜவ்வு அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம்தானாம்.

இரண்டு வருடம் கழித்து, 2025 மார்ச் முதல் வாரம், பள்ளி விடுமுறையில், டாக்டர் சம்மதம் சொன்ன பிறகு மறுபடி சறுக்கப் போனாள். நான் அப்போது அவர்கள் வீட்டில் இருந்தேன். "மதினி கூட வந்தாத்தான் நான் போவேன்" என்று ஒரே பிடிவாதம். நான் போய் என்ன செய்யப்போகிறேன்? எனக்கு ஈரமான குளியலறையில் நடக்கவே யோசனை. ஆனாலும் பக்கத்தில் நம் ஆள் ஒருத்தி நின்றால் அது ஒரு தைரியம்தானே?

மியூனிக்கிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். எல்லை தாண்டியதும் கூஃப்ஸ்டைன் என்ற ஊரில், பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய கோட்டை. அப்புறம் 'வில்டர் கைசர்' என்ற மொட்டைப் பாறை மலைத்தொடர் கூடவே வருகிறது. அதன் அடியில் வீடுகள், மாட்டுத் தொழுவங்கள், கூர்கோபுரச் சர்ச்சுகள். எல்லாம் கொலுவில் வைத்த மாதிரி.

கிட்ஸ்பூஹெல் ஒரு காலத்தில் செம்பும் வெள்ளியும் தோண்டி எடுத்த ஊர். அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் இன்றும் மஞ்சள், ரோஸ், பச்சை என்று வரிசையாக நிற்கின்றன. சுரங்கம் ஓய்ந்த பிறகு ஊரை மறுபடி பிழைக்க வைத்தது பனிதான். 1893-ல் ஃபிரான்ஸ் ரைஷ் என்ற ஊர்க்காரர் நார்வே நாட்டிலிருந்து ஸ்கீ வரவழைத்து, பக்கத்து மலையிலிருந்து சறுக்கி இறங்கினாராம். பிற்பாடு அவரே ஊர் மேயராகவும் ஆனார். 1956 ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கம் வாங்கிய டோனி சைலர் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

ஊரை ஒட்டி நிற்கிற மலைக்குப் பெயர் 'ஹானன்கம்'. அப்படியென்றால் சேவல்கொண்டை என்று அர்த்தமாம்! கேட்டதும் அந்த மலை எனக்குச் சொந்தக்கார மலை ஆகிவிட்டது. இங்கே 1931-லிருந்து ஒரு பந்தயம் நடக்கிறது. 'ஷ்ட்ரைஃப்' என்ற சரிவில் 3,312 மீட்டர் தூரத்தை இரண்டே நிமிடத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். 1997-ல் ஃபிரிட்ஸ் ஷ்ட்ரோபிள் என்பவர் 1 நிமிடம் 51.58 விநாடியில் இறங்கியது சாதனை. வழியில் 'எலிப்பொறி' என்று பெயர் வைத்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு 100 அடிக்கும் 85 அடி கீழே இறங்குகிறது. நடந்து பார்க்கவும் நமக்குத் தைரியம் வராது. பந்தயத்துக்கு முன் அந்தச் சரிவில் தண்ணீரை விட்டு வேண்டுமென்றே உறைய வைப்பார்களாம். பஞ்சு மாதிரிப் பனி என்றால் பத்துப் பேர் போனதும் குழி விழுந்துவிடும், பின்னால் வருகிறவருக்கு நியாயமாக இருக்காது.

சரி, பந்தயம் ஜனவரியோடு முடிந்துவிடும். மார்ச்சில் சாதாரணக் குடும்பங்கள் சறுக்குகிற சரிவு ஏன் கல் மாதிரி இருக்கிறது? தம்பி மகளைக் கேட்டேன். "அத்தை, இந்த ஊர் ரொம்பத் தாழ்வு" என்றாள். உண்மைதான். ஊர் இருப்பது 762 மீட்டர் உயரத்தில். நம் ஊட்டியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. மார்ச் மாதம் பகலில் நல்ல வெயில் அடிக்கிறது. மேல்பனி இளகித் தண்ணீராகிறது. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அப்படியே உறைகிறது. மறுநாளும் இதே கதை. அதோடு, இயற்கைப் பனி போதாத இடத்தில் மெஷின் வைத்துத் தண்ணீரைத் தூவிப் பனி செய்கிறார்கள். அந்தப் பனி ரவை மாதிரி உருண்டையாகச் சின்னச் சின்னதாக விழுவதால் நெருங்கிப் படிந்து கெட்டியாகிறது. சாயங்காலம் லிஃப்ட் நின்ற பிறகு பெரிய சங்கிலிச் சக்கர வண்டிகள் மலை முழுக்க ஊர்ந்து, குண்டுகுழியைச் சமன் செய்து, சீப்பால் வாரின மாதிரி வரிவரியாக இழைத்துவிட்டுப் போகின்றன. ராத்திரி அது இறுகிவிடும். காலையில் பார்த்தால் என்ன அழகு! கோலம் போடுவதற்கு முன் மெழுகின வாசல் மாதிரி இருக்கிறது. ஆனால் அழகாக இருக்கிறதே என்று காலை வைத்தால்...! வெயில் படாத பக்கங்களில், நாலு பேர் சுரண்டிப்போன இடங்களில், நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் பளபளவென்று தெரிகிறது. அதுதான் ஐஸ். அங்கே ஒருவர் திரும்பினால் 'கரகர' என்று தேங்காய்த் துருவுகிற சத்தம் கேட்கும்.

இப்போது கடைக்கு வருகிறேன்.

அறுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, பின்கட்டில் ஸ்கீக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். முன்கட்டில் விற்பனைப் பையன். தம்பி நேரே பையனிடம் போய், "இருக்கிறதிலேயே ஐஸில் நல்லா பிடிக்கிற ஸ்கீ எதுவோ அதைக் கொடு" என்றான். பொண்டாட்டி இன்னொரு தரம் விழக்கூடாது என்ற கவலை அவனுக்கு. பையன் பந்தயக்காரர்கள் போடுவது போன்ற ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தான். கையில் வாங்கிப் பார்த்தேன், என்ன கனம்! உள்ளே மரம், அதன் மேலும் கீழும் 'டைட்டனல்' என்ற உலோகத் தகடு. பெயரைப் பார்த்து டைட்டானியமோ என்று மயங்க வேண்டாம். அது அலுமினியக் கலவைதான். நம் வீட்டு இட்லிச் சட்டிக்குத் தூரத்துச் சொந்தம்.

முதல் நாள் காலை அதைப் போட்டுக்கொண்டு போனாள். கேபிள் காரில் நானும் கூடவே மேலே போனேன். (சறுக்காதவர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.) மேலே இருக்கிற சுலபமான சரிவு ஒன்றில் இறங்கினாள். அந்த நாட்டில் சரிவுக்கு நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்: நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம். இது நீலம்தான். ஆனாலும் நாலு தடவை இறங்குவதற்குள் முகம் சுருங்கிவிட்டது. "பிடிக்குது மதினி, நல்லாத்தான் பிடிக்குது. ஆனா பிடிச்சா விட மாட்டேங்குது. தொடை ரெண்டும் எரியுது. கொஞ்சம் பின்னால சாஞ்சேன்னா கட்டை என்னைத் தூக்கி எறியப் பாக்குது" என்றாள். பின்னால் சாய்வதுதான் அந்த முழங்காலுக்கு எமன். உடம்பு பின்னால் போய், பாரமெல்லாம் ஒரு காலின் பின்பக்க உள்விளிம்பில் விழுந்து, ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஜவ்வு அறுவது பல பேருக்கு அப்படித்தானாம்.

மத்தியானம் கடைக்குத் திரும்பினோம். இந்தத் தடவை பின்கட்டுப் பெரியவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி ஸ்கீயைப் பற்றியே இல்லை. "எந்த முழங்கால்?" என்றார்! கால் கொஞ்சம் ஒதுங்கி நடந்ததைப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒரு மணி நேரம் அவர் பாடம் நடத்த, தம்பி மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

முதலில் பூட்ஸ். அதைப் போட்டு நிமிர்ந்து நின்றால் கால் விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போடுவது தப்பு. ஒன்றே ஒன்று, மெல்லியது. பூட்ஸ் உள்ளே கால் ஆடினால், காலைச் சாய்க்கிறோம், பூட்ஸ் சாய்கிறது, ஸ்கீ சாயாது. அப்புறம் எவ்வளவு விலைக்கு ஸ்கீ வாங்கி என்ன?

அடுத்தது இடுப்பு. நமக்கில்லை, ஸ்கீக்கு! ஸ்கீயின் மேலே மூன்று எண் அச்சடித்திருக்கும். முனை அகலம், இடுப்பு அகலம், வால் அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். இடுப்பு 85, 90 என்று இருந்தால் அது புதுப்பனியில், ஆழமான பனியில் மிதப்பதற்கு. இறுகின சரிவுக்கு அது சரிப்படாது. காலுக்கு நேர் கீழே விளிம்பு இருந்தால்தான் நம் பாரம் முழுதும் அந்த விளிம்பில் இறங்கும். அகலமான ஸ்கீயில் விளிம்பு காலை விட்டு வெளியே தள்ளி நிற்கிறது. அதைச் சாய்த்துப் பிடித்து வைக்க முழங்கால்தான் பாடுபட வேண்டும். ஐஸுக்கு 65-லிருந்து 72-க்குள் இருக்கட்டும் என்றார். தம்பி மனைவி முன்பு விழுந்தபோது போட்டிருந்தது 88 என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. உதட்டைப் பிதுக்கினார், அவ்வளவுதான்.

இந்த இடுப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு கதை உண்டு. நார்வே நாட்டு டெலிமார்க்கில் சோண்ட்ரே நோர்ஹைம் என்பவர் 19-ம் நூற்றாண்டிலேயே இடை சிறுத்த ஸ்கீ செய்தார். ஆனால் ரொம்ப காலத்துக்கு அந்த இடை பெயருக்குத்தான் இருந்தது. ஸ்கீக்கள் ஆளை விட உயரமாக, ஏறக்குறைய நேராகவே இருந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஸ்லொவேனியா நாட்டு 'எலான்' கம்பெனிக்காரர்கள் நன்றாக இடை குறைத்து, நீளத்தையும் குறைத்து விட்ட பிறகுதான் 'கார்விங்' என்பது சாதாரண ஜனங்களுக்கும் வந்தது. விஷயம் இதுதான்: இடை சிறுத்த ஸ்கீயைச் சாய்த்து மிதித்தால் அது வில்லாக வளையும். வளைந்த விளிம்பு பனியில் கோடு கீறிக்கொண்டு தானே வட்டம் அடித்துத் திரும்பும். காலை இழுத்துத் திருப்ப வேண்டியதில்லை. அந்த வட்டத்தின் ஆரத்தையும் ஸ்கீயிலேயே அச்சடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆரம்தான்! 12, 13 மீட்டர் என்றால் சின்னச் சின்னத் திருப்பம். வேகம் அடக்கமாக இருக்கும். 17, 18 என்றால் பெரிய வட்டம், வேகமும் கூடும். கூட்டமான சரிவில், கால் சரியாகி வந்த பெண்ணுக்குச் சின்ன ஆரம் போதும் என்றார்.

பிறகு அவர் ஒன்று செய்து காட்டினார். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்து நிறுத்தினார். நடுவில் இடைவெளி தெரிந்தது. வில் மாதிரி அப்படி இடைவெளி இருந்தால்தான், ஏறி நின்றதும் முனையும் வாலும் பனியை அழுத்தும். முனை மட்டும் லேசாக முன்கூட்டியே தூக்கியிருக்கலாம். முக்கால்வாசி நீளத்துக்குத் தூக்கியிருந்தால் ஐஸில் பிடிமானம் குறையும். அடுத்து ஒரு ஸ்கீயின் முனையைப் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பார்க்கச் சொன்னார். நானும் முறுக்கினேன். அசையவே இல்லை. அதையே தரையில் ஊன்றி நடுவில் அழுத்தினால் வளைந்தது. "முறுக்கினால் முறுங்கக் கூடாது. அழுத்தினால் வளைய வேண்டும். அதுவும் *இந்த அம்மாள்* அழுத்தினால் வளைய வேண்டும்" என்றார்.

சூட்சுமம் அங்கேதான். காலையில் எடுத்துப்போன பந்தய ஸ்கீயும் முறுங்காது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதை வளைக்க எண்பது கிலோ ஆளும், அதற்கேற்ற வேகமும் வேண்டும். தம்பி மனைவி 58 கிலோ. மெதுவாகப் போகிறவள். அவளால் அது வளையாது. வளையாத ஸ்கீ திரும்பாது. அவள் திரும்பவில்லையே என்று பயந்து பின்னால் சாய்வாள். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'இருக்கிறதிலேயே பலமானது' என்று கேட்டவன் அவன்தானே. நம் வீட்டு ஆண்கள் மிக்ஸி வாங்கப் போனாலும் வாட்ஸ் எத்தனை என்றுதான் கேட்பார்கள், சட்னி அரைப்பது யார் என்று கேட்க மாட்டார்கள்!

கடைசியில் அவர் எடுத்துக் கொடுத்தது: இடுப்பு 68, ஆரம் 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நீளம் 154 சென்டிமீட்டர். அவள் உயரம் 162. தலை உச்சிக்குப் போகாமல் மூக்குக்கு நேரே நின்றது. உள்ளே மரம், ஒரே ஒரு உலோகத் தகடு. 'லேடீஸ்' என்று பூப்போட்டு வந்த ஒன்றையும் தம்பி மகள் எடுத்துக் காட்டினாள். பெரியவர் அதை முறுக்கிக் காட்டினார், வாழைமட்டை மாதிரி முறுங்கியது. "முதல் வாரம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்லது. ஐஸுக்கு வேண்டாம்" என்று வைத்துவிட்டார். பெண்களுக்கென்று போட்டதெல்லாம் மெத்தென்றுதான் இருக்கும் என்றும் இல்லை, நல்ல உறுதியான ஸ்கீயிலும் பெண்கள் மாடல் வருகிறதாம். பூவைப் பார்த்து எடுக்காமல், முறுக்கிப் பார்த்து எடுக்க வேண்டும்.

அப்படியே கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொடுக்கவில்லை. தன் கட்டை விரல் நகத்தை விளிம்பின் குறுக்கே இழுத்தார். நகத்தில் மெல்லிசாகப் பொடி சீவிக்கொண்டு வந்தால் கூர் இருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் சீவியது, காலுக்குக் கீழே, நடுவில், நகம் வழுக்கிப் போயிற்று. எல்லாரும் நடுவில்தான் மிதிக்கிறார்கள், அங்கேதான் சீக்கிரம் மழுங்கும். உள்ளே எடுத்துப்போய்ச் சாணை பிடித்தார். விளிம்பைச் செங்கோணமாக, 90 டிகிரியாக விடாமல், 87 டிகிரிக்குத் தீட்டினால் கத்தி மாதிரி இறங்குமாம். சாதாரண வாடகை ஸ்கீக்கு 88, 89 வைப்பார்கள். அடிப்பக்கத்திலும் ஒரு டிகிரிக்குள் லேசாகச் சரித்துவிட வேண்டும். இல்லையென்றால் நேராகப் போகும்போதே பனியில் மாட்டி இழுக்கும். பிறகு கையில் ஒரு வைரக்கல் பட்டையை எடுத்துப் பிசிறு தட்டினார். அரிவாள்மணையைச் சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்போமே, அந்த ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

இந்த எஃகு விளிம்பே ஆதியில் கிடையாதாம். வெறும் மரம். 1926-ல் சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் என்பவர்தான் சின்னச் சின்ன எஃகுத் துண்டுகளை மரத்தின் ஓரத்தில் திருகி வைத்தார். அதற்கு முன்னால் இந்த மாதிரி இறுகின சரிவில் எப்படித்தான் இறங்கினார்களோ!

கடைசியாகப் பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பூட்டு. விழுந்தால் அது தானே கழன்று காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதற்கு எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எப்படிச் சறுக்குகிறவர் என்பதை வைத்துக் கணக்கு இருக்கிறது. ஒரு சீட்டில் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எடை எழுதும் இடத்தில் நாலு கிலோவை முழுங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டே, அது இங்கே கூடாது! குறைத்து எழுதினால், ஐஸில் வேகமாகப் போகும்போது தேவையில்லாமல் கழன்றுகொள்ளும். ஆண்கள் 'நான் பெரிய ஆட்டக்காரன்' என்று எழுதுவார்களாம். அவர்களுக்குக் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. இன்னொன்றும் பெரியவர் மறைக்காமல் சொன்னார். இந்தப் பூட்டு முக்கியமாகக் கால் எலும்பைத்தான் காப்பாற்றும், முழங்கால் ஜவ்வுக்கு முழு உத்தரவாதம் கிடையாது என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் தெரியாமல் போவதைவிடத் தெரிந்து போவது மேல் என்று தம்பி மனைவி சொன்னாள்.

இரண்டாம் நாள் மேலே நீலச் சரிவுகளிலேயே சுற்றினாள். நான் மரக்குடிசை ஓட்டல் ஒன்றின் வாசலில் வெயில் காய்ந்துகொண்டு பார்த்தேன். அங்கே 'கெர்ம்க்னோடல்' என்று ஒன்று கொடுத்தார்கள். நம் கொழுக்கட்டையைப் பத்து மடங்கு பெரிதாக்கின மாதிரி ஆவியில் வெந்த உருண்டை; உள்ளே பிளம் பழ ஜாம், மேலே உருக்கின வெண்ணெய், அரைத்த கசகசாவும் சர்க்கரையும். ஒருத்தியால் முடிக்க முடியாது. நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த கடலைமிட்டாயை எடுத்தால், அந்தக் குளிரில் அது கருங்கல்! கோட்டுக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொடுத்தேன். தம்பி மகளின் தோழிகள் பங்கு கேட்டு வாங்கிப்போனார்கள்.

மூன்றாம் நாள் காலை, பந்தயச் சரிவின் கஷ்டமான இடங்களைச் சுற்றிப் போகும் 'குடும்ப ஷ்ட்ரைஃப்' வழியாக ஊர் வரைக்கும் இறங்குவது என்று தீர்மானித்தார்கள். அது சிவப்பு. வெயில் ஏறி இளகட்டும், பதினோரு மணிக்கு மேல் போகலாம் என்றான் தம்பி. "இறுகியிருக்கும்போதே போகணும். அதுக்குத்தானே இவ்வளவும்?" என்றாள் அவள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவர்களை மேலே அனுப்பிவிட்டு அடிவாரத்தில், பந்தயம் முடிகிற இடத்தில் நின்றேன். கைப்பிடிக் கம்பியை விடவில்லை.

முதலில் மகள் அம்பு மாதிரி வந்தாள். பின்னால் தம்பி. கொஞ்சம் இடைவெளி விட்டு, நீலச் சட்டை. அந்த முனை திரும்பும் இடம் நிழலில் கிடந்தது, நீலச் சாம்பல் நிறம். எனக்குத் தெரியும் அது என்ன என்று. அவளுக்கு முன்னால் போன ஒரு ஆள் அங்கே 'கரகர' என்று பக்கவாட்டில் பத்தடி வழுக்கித்தான் நின்றார். இவள் முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் வைத்து, சாய்ந்தாள். சத்தமே கேட்கவில்லை. துணியில் கத்தரிக்கோல் ஓடுகிற மாதிரி ஒரு 'சர்ர்'. அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கீழே வந்ததும் ஸ்கீயைக் கழற்றவில்லை. திரும்பி மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். "அங்க பாருங்க மதினி" என்று கையை நீட்டினாள். கடைசிச் சரிவில் வெயில் பட்ட இடத்தில் அவள் வந்த தடம் தெரிந்தது. மற்றவர்கள் வந்த தடமெல்லாம் துடைப்பத்தால் இழுத்த மாதிரி அகலமாக இருக்க, இவளுடையது மட்டும் மாட்டுவண்டித் தடம் போல இரண்டே இரண்டு மெல்லிய கோடு. வழுக்கவில்லை, விளிம்பு பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மகள், "அம்மா, உன் கோடு அப்பா கோட்டைவிட நல்லாருக்கு!" என்று கத்தினாள். தம்பி கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும்போது, இதையே விலைக்கு வாங்கலாமா என்று கேட்டாள். பெரியவர், "அவசரப்படாதே. சீசன் முடிந்து ஏப்ரலில் வாடகை ஸ்கீக்களைக் குறைந்த விலைக்குத் தள்ளுவோம், அப்போது வா" என்றார். கடைக்காரரே இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியம். பழைய ஸ்கீ வாங்கும்போது எஃகு விளிம்பு எவ்வளவு பருமன் மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாணைக்கும் கொஞ்சம் கரையும். அடியில் ஆழமான கீறல், விளிம்பு ஓரத்தில் விரிசல், மேல் தகடு உரிதல் இருந்தால் வேண்டாம். பூட்டைக் கடையிலேயே மெஷினில் வைத்துச் சோதித்து வாங்க வேண்டும். புதிதாகச் சறுக்க வருகிறவர்கள் விலைக்கு வாங்கவே வேண்டாம். கடைகளில் கேட்டால் பகலிலேயே மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே காலையில், ஒரே சரிவில், இரண்டு விதம் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நமக்கே புரிந்துவிடும். லிஃப்ட் சீட்டு மட்டுமே சீசனில் ஒரு நாளைக்கு 70 யூரோவைத் தாண்டுகிற ஊர் அது. பொருந்தாத ஸ்கீயோடு ஒரு நாள் வீணாவது சாமானியமில்லை.

ஏப்ரலில் போய் அந்த ஜோடியையே வாங்கிவிட்டாள். ஈரத்தோடு உறையில் போட்டு வைத்தால் ஒரே ராத்திரியில் விளிம்பில் துரு பிடிக்குமாம். ஒவ்வொரு தடவையும் துடைத்து வைப்பதற்கு, நான் விட்டுவிட்டு வந்த பழைய நூல் சேலையைக் கிழித்து வைத்திருப்பதாகப் போனில் சொன்னாள்.